உயரம் இருந்தும் இறங்கியவள்

பிப்ரவரி 9, ஞாயிறு

போட்டிப் பலகையில் என் பெயரை எழுதிவிட்டார்கள். கோபிநாதன் சார் பெயருக்குக் கீழே 'பெனிட்டா' என்று இருக்கிறது. நான் கேட்கவில்லை. செல்வின் அண்ணன்தான் எழுதினார். அவர்தான் இந்தக் கிளைடர் கிளப்பில் எல்லாருக்கும் இந்த எஞ்சின் இல்லாத விமானத்தில் பறக்கச் சொல்லித் தருகிறவர்.

ஏப்ரல் போட்டியில் அனுபவமுள்ள ஒருவரோடு புதியவர் ஒருவரை ஜோடி சேர்ப்பார்கள். ஆளுக்கொரு கிளைடர், புள்ளிகளை மட்டும் ஒன்றாகக் கூட்டுவார்கள். கோபிநாதன் சாரோடு பறக்க இருந்தவருக்கு வடக்கே எங்கோ மாற்றலாகிவிட்டது. அவர் பறக்க வேண்டிய கிளைடர் சும்மா கிடக்கிறது. அதில் நான்.

கோபிநாதன் சார் கோயம்புத்தூர்க்காரர். போன வருடம் ஒரு புள்ளியில் கோப்பையை விட்டவர். என்னிடம், "என்ன கண்ணு, இந்தத் தடவ என்னைய ஜெயிக்க வெச்சுப்போடுவியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்பாவிடம் வின்ச்சுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா இங்கே வின்ச் ஓட்டுகிறார். லாரி எஞ்சினில் பூட்டிய பெரிய உருளை அது. அது சுற்றிச் சுற்றி வடத்தை இழுக்க, மறுமுனையில் மாட்டிய கிளைடர் பட்டம் போல எழும்பிவிடும். அப்புறம் வடத்தைக் கழற்றிவிட்டால் காற்றுதான் கதி. அப்பா, "நெசமாவாட்டி?" என்றார். பிறகு ஒரு பாட்டும் இல்லாமல் சும்மா விசில் அடித்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டு பேர் உட்காரும் கிளைடரில் முதல் பந்தயப் பாடம். செல்வின் அண்ணன் பின்னால்.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு இங்கே வந்த இரண்டு வருடத்தில் நான் செய்தது, கிளைடர் கிளம்பும்போது இறக்கை முனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. ஓடுகிறவர்களுக்குப் பறக்கக் கற்றுத் தருவார்கள். அப்படிப் பழகியதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுபாதைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு கீழே வராமல் இருப்பதுதான். பந்தயத்தில் அது போதாது. காலையில் ஒரு பாதை கொடுப்பார்கள்: இந்த ஊர்ப் பாலம், அந்த ஊர்க் கண்மாய், அப்புறம் வீடு. யார் முதலில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. வெயிலில் கரிசல் மண் சுட்டு, சூடான காற்று மேலே எழும். அதற்குள் வட்டமடித்து உயரம் சேர்க்க வேண்டும். சேர்த்ததைச் செலவழித்து அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும்.

"வுட்டுட்டுப் போ, வுட்டுட்டுப் போ" என்று அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார். "இன்னும் ஏறுதுண்ணே" என்றேன். "ஏறட்டும். இதவிட நல்லது முன்னால இருக்கும். இங்கயே குடியிருக்கப் போறியா?"

விடுவதற்கு மனம் வரவில்லை. ஆனால் விட்டபின் கிளைடரின் மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேனாம். அப்பா சொன்னார்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போக மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ரிஷி சென்னையிலிருந்து வந்திருக்கிறான். இன்ஜினியரிங் படிக்கிறான். போன வருடம் அவனும் புதியவன்; அதற்குள் நூறு வருடம் பறந்தவன் மாதிரி பேசுகிறான். அவனுடைய கிளைடரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இருக்கைக்குப் பக்கத்துப் பையில் பிளாஸ்டிக் கவர்களை அடுக்கினான். எதற்கு என்று தெரியாமல் பார்த்துவிட்டேன்.

"மேடம், இது ஜென்ட்ஸ் மேட்டர்" என்றான். டிரெய்லர் பக்கம் நின்ற நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

அப்புறம்தான் புரிந்தது. துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பாதி இறக்கை துடைக்காமலே கிடந்தது.

மார்ச் 2, ஞாயிறு

பறக்கவில்லை. மதுரையில் பெரியம்மா வீட்டு நிச்சயதார்த்தம். அம்மா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் தந்த மோரைக்கூடத் தொடவில்லை. "பஸ்ஸுல போற அன்னைக்கு நான் தண்ணி பக்கமே போவமாட்டேன்" என்று பெரியம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். "நானும்தாங்கேன்" என்றாள் பெரியம்மா. மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லாருமே அப்படித்தான் போல.

நானும் குடிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தனியாகவே இரண்டு ஊர் சுற்றி வந்தேன்! காற்றாலைகளுக்கு மேலே போகும்போது அவற்றின் நிழல்கள் தரையில் சுழல்வதை எண்ணிப் பார்க்க ஆசையாக இருந்தது. எண்ணினால் தாமதமாகும் என்று விட்டுவிட்டேன். ஒரு பருந்து எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போய் ஏறினேன்.

கடைசியில் தலை வலித்தது. ஓடுபாதை இரண்டாகத் தெரிந்தது. சொல்லவில்லை. செல்வின் அண்ணன், "தண்ணி குடிச்சியா?" என்றார். "குடிச்சேண்ணே."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 7, திங்கள்

போட்டி முதல் நாள். ஒன்பது ஜோடிகள். புதியவர்களில் நான்தான் கடைசி. கோபிநாதன் சார் முதல். இரண்டையும் கூட்டினால் நான்காவது இடம்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனேன். அப்புறம் தலைவலி. ஏறும் காற்றுக்குள் நுழைந்தும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தோன்றவில்லை. தப்புப் பக்கம் திரும்பித் திரும்பி வெளியே விழுந்தேன். திருப்பமாகக் கொடுத்த பாலத்தையே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

இறங்கியதும் ஷெட்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். செல்வின் அண்ணன் பார்த்துவிட்டார். காய்ந்து வெடித்திருந்த என் உதட்டையும் பார்த்தார். கிளைடருக்குள் கிடந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். மூடியே திறக்கவில்லை.

"எத்தன நாளா இந்தக் கூத்து? நாலு மணி நேரம் வெயில்ல தண்ணி இல்லாம இருந்தா மூள ஓடாதும்மா. கொன்னு போட்டுரும். வெளாட்டா இருக்கா ஒனக்கு?"

அவர் என்னிடம் கத்தியது இதுவே முதல் தடவை. குழாய் வைத்த தண்ணீர்ப் பை ஒன்றை வாங்கி வந்து இருக்கைக்குப் பின்னால் மாட்டிவிட்டார். நாளைக்கு நான் குடிப்பதை அவரே நின்று பார்ப்பாராம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஏறும் காற்று கிடைக்கவில்லை. வழியில் ஒரு வறண்ட கண்மாயில் இறங்கினேன்.

கிளைடருக்குச் சேதம் இல்லை.

அப்பாவும் செல்வின் அண்ணனும் ரிஷியும் டிரெய்லர் கொண்டுவந்தார்கள். இறக்கைகளைக் கழற்றி ஏற்ற வெகுநேரம் ஆனது. வெளியே இறங்கியவர்தான் தூக்க வந்தவர்களுக்குப் பரோட்டா வாங்கித் தர வேண்டும், அது இங்கே வழக்கம். என்னிடம் இல்லை, அப்பா கொடுத்தார். ரிஷி, "சால்னா ரெண்டு தடவ ஊத்துங்கண்ணே, மேடம் ட்ரீட்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு அந்த ஏரியால சூப்பரா ஏறுச்சே?" என்றான்.

நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ஒவ்வொரு கிளைடரிலும் போன பாதையையும் உயரத்தையும் பதிவு செய்யும் கருவி உண்டு. அதை வைத்துத்தான் புள்ளி. முந்தின நாள் யார் எங்கே நல்லது செய்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்று காலையில் சுவரில் படம் காட்டிப் பேசுவார்கள். இன்று என் கோடு வந்தது. சிவப்புக் கோடு.

அது மேலே மேலே ஏறியது. பிறகு செங்குத்தாகக் கீழே இறங்கியது.

செல்வின் அண்ணன் கோலால் தொட்டார். "இந்த எடத்துல ஆயிரத்து நூறு மீட்டர் இருக்கு. இன்னும் ஏறிக்கிட்டே இருக்க. கைய வுட்டுட்டு ஒக்காந்திருந்தாக்கூட வீடு வந்து சேந்திரலாம். இங்கன ஏர் பிரேக்க இழுத்துருக்க. ஏம்மா?"

இறக்கைமேல் தகடுகளை எழுப்பி உயரத்தைக் கொட்டிவிடுகிற நெம்புகோல் அது. தெரியாமல் கைபட்டு இழுபடாது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா டீசல் கேனோடு வாசலில் நின்றார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பயந்துட்டியா?"

தலையை ஆட்டினேன். இந்தத் தடவை எப்படி ஆட்டினேன் என்று எனக்குத் தெரியும்.

"வுடு செல்வின், சின்னப் புள்ள" என்றார் கோபிநாதன் சார். நேற்று அவர்தான் முதலில் வந்தார். என்னால் கூட்டுப் புள்ளியில் எட்டாவது இடத்துக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். அண்ணன் நின்று பார்க்க ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நேற்றுக் கிளம்பினேன். இரண்டாவது மணி நேரத்தில் ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது. தொடையை இறுக்கினேன். பாட்டுப் பாடினேன். ஜெபம் சொன்னேன். ரிஷியைப் போலப் பிளாஸ்டிக் கவரில் போக எனக்கு வழியில்லை. ஏறுகிற காற்றில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணில் நீர் வந்தது. கீழே வறண்ட கண்மாயும் அதன் கரையில் ஒரு உடைமரப் புதரும் தெரிந்தன. அவ்வளவுதான், வேறு எதுவும் தெரியவில்லை.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடினேன். புதருக்குள்ளிருந்து வெளியே வந்தபோது ஆடு மேய்க்கிற ஒரு அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். கிளைடரைப் பார்த்தாள், புதரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏட்டி, ஒண்ணுக்குப் போவவா இம்புட்டுப் பெரிய ஏரோப்ளேன எறக்குன?" அவள் ஆட்டுக் குட்டிகள் சிதறும்படி சிரித்தாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை. பையன்கள் நிறைந்த ஹாலில் எழுந்து நின்று, ஒண்ணுக்குப் போக மேற்பார்வைக்கு வந்த சாரிடம் கேட்க வேண்டும். நான் எழவில்லை. மணி அடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அப்போதும் நான் எழவில்லை. பெஞ்சுக்குக் கீழே ஓடியதை எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அடுத்த பரீட்சைக்குப் போகவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. வீட்டில் "பரீட்சைன்னா பயமாருக்கு" என்றேன். வீடு தேடி வந்த டீச்சரிடமும் அதையேதான் சொன்னேன். பயம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்றும் இன்றும் செல்வின் அண்ணன் என்னைப் பறக்க விடவில்லை. ரிஷியின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கிளம்பும் முன் அவன் கண்ணாடி மூடியைத் திறந்து, "பயப்படுறது தப்பில்ல பெனிட்டா. எல்லாருக்கும் செட் ஆகாது" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆறுதல் சொன்னான். அவன் கிண்டலே பரவாயில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

காற்று பலமாக இருந்ததால் இன்று பந்தயம் இல்லை. காலைக் கூட்டம் மட்டும். கடைசி நாள் பந்தயத்தை நாளைக்குத் தள்ளிவிட்டார்கள்.

செல்வின் அண்ணன் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். "ஒரு விசயம். பெனிட்டா நாளைக்கும் பறக்காது. கோபி சார் தனியாத்தான் முடிப்பாரு. அப்புறம், இனிமே ஒரு வருசம் ரெண்டு சீட்டு கிளைடர்ல எங்கூட மட்டும்தான். பயத்தோட ஒரு புள்ளையத் தனியா மேல அனுப்ப என்னால முடியாது. அவங்க அப்பாவுக்கு நான் பதில் சொல்லணும்லா." அன்பாகத்தான் சொன்னார். பலகையில் என் பெயரை அழிக்கத் துணியை எடுத்தார்.

ஒரு வருடம். அப்புறம் இன்னொரு வருடம் ஆகும். அப்புறம் நான் இறக்கை பிடித்து ஓடுகிற பெண்ணாகவே இருப்பேன். நன்றாக ஓடுவேன். யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள்.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. 

"பயமில்லண்ணே" என்றேன்.

"சத்தமா சொல்லும்மா."

"பயமில்ல. ஒண்ணுக்கு வந்துச்சு."

 யாரோ முதல் வரிசையில் களுக்கென்று சிரித்தார்கள். ரிஷிதான். எனக்குக் காது முழுக்கச் சூடாகிவிட்டது. ஆனாலும் நான் உட்காரவில்லை.

"தம்பி, நீ சிரிக்கவே கூடாது" என்றார் கோபிநாதன் சார். "போன வருசம் உன்ற கவரு மேல போய் பொத்துக்கிட்டு, எறங்குன பொறவு கிளைடர ஹோஸ் போட்டுக் கழுவுனது யாரு? இந்தப் புள்ளதான?"

அது எனக்கு மறந்தே போயிருந்தது. ஜூஸ் கொட்டிவிட்டது என்றுதான் அன்று சொன்னான்.

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். ரிஷி தலையைக் குனிந்துகொண்டான். சார் சிரிக்கவில்லை. "நான் டயப்பர்தான் கண்ணு போட்டுக்கறேன். சக்கரை இருக்குதல்ல. எட்டு வருசமா. இதுல என்ன இருக்குது? நீ என்ன சைசு?"

செல்வின் அண்ணன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "எனக்குத் தோணவே இல்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நான்தான் குடி குடின்னு... எனக்குத் தோணவே இல்லையே." என் பெயரை அவர் அழிக்கவில்லை.

வாசலில் நின்றிருந்த அப்பாவைக் காணோம். டீசல் கேன் மட்டும் இருந்தது.

நாள் முழுக்க அப்பாவை எதிரே சந்திக்காமல் ஒளிந்து திரிந்தேன். இத்தனை ஆண்கள் முன்னால் மகள் அப்படிச் சொன்னதற்கு என்ன சொல்வார்? சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கட்டிலில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை. உள்ளே செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். மருந்துக்கடையில் அப்படித்தான் சுற்றித் தருவார்கள். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

அம்மா பிரித்துப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது? யாருக்கு முடியல?"

"ஒம் மவளுக்கு. நாளைக்கு நாலு மணி நேரம் மேல இருக்கணும்."

அம்மா அந்த டயப்பரை விரித்தாள். இருப்பதிலேயே பெரிய சைஸ்; இரண்டு பெனிட்டா அதில் உட்காரலாம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் போல இருந்தது.

"ஏங்க," என்றாள் அம்மா, "இத பஸ்ஸுக்கும் போட்டுக்கிடலாமா?"

ஏப்ரல் 12, சனி

நேற்று எழுதாமல் விட்டது: கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். வரவில்லை. எத்தனை வருடமாக அடக்கிப் பழகிய உடம்பு. போ என்று சொன்னால் போகவில்லை. இன்று காலையில் பக்கவாட்டில் ஊக்கு குத்தி, மேலே அப்பாவின் பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பயம் மட்டும்தான் இருந்தது. அதைப் பயம் என்று சொல்வதில் தப்பில்லை.

ஒரு லிட்டர் குடித்தேன். செல்வின் அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் திருப்பம் நன்றாக இருந்தது. இரண்டாவதற்குப் போகும் வழியில் முட்டிக்கொண்டு வந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் ஏறும் காற்று ஒன்று கிடைத்தது. அதற்குள் ஏற்கெனவே ரிஷி சுற்றிக்கொண்டிருந்தான். ஒருவர் சுற்றுகிற இடத்துக்குள் நுழைந்தால் அவர் திரும்பும் பக்கமே திரும்ப வேண்டும், வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தபடி சுற்ற வேண்டும். அது விதி. ஆகவே நான் எந்தப் பக்கம் பார்த்தாலும் அவன் முகம். கண்ணாடி மூடிக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சுற்றினான். இடித்துவிடாமல் இருக்கப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நானும் கண்ணை எடுக்க முடியாது.

ஹாலில் எல்லாரும் எழுந்தபோது இருந்த அதே சூடு காதில் ஏறியது. வேண்டாம், அடுத்த இடத்தில், யாரும் இல்லாத இடத்தில் என்று நினைத்தேன். கை தானாக ஏர் பிரேக் நெம்புகோல் பக்கம் போனது. தொட்டுவிட்டேன்.

ஏறும்போது கூவுகிற கருவி கூவிக்கொண்டே இருந்தது. நல்ல காற்று. இதை விட்டால் மேகத்தின் அடி வரை போக இன்னொன்று கிடைக்காது.

கையை எடுத்துவிட்டேன். ரிஷியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, வயிற்றைத் தளரவிட்டேன். உடனே வரவில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு வந்தது. வெதுவெதுப்பாக, நிற்காமல், வெகுநேரம். அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தாலும் சுற்று கோணவில்லை. அவன் அந்தப் பக்கத்திலிருந்து கையை அசைத்தான், நானும் அசைத்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது. இப்போது எழுதும்போது அவ்வளவு தைரியம் இல்லை.

அவனுக்கு முன்னால் நான் அந்தக் காற்றை விட்டுக் கிளம்பினேன்.

கடைசித் திருப்பம் தாண்டி வீட்டைப் பார்த்து மூக்கைத் தாழ்த்தியபோது ரேடியோ கரகரத்தது. செல்வின் அண்ணன். கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பெனிட்டா... அது... எல்லாம் ஓகேவாம்மா?"

அந்த அலைவரிசையில்தான் மேலே இருக்கிற அத்தனை பேரும் இருக்கிறார்கள். கோபிநாதன் சார் இருக்கிறார், ரிஷி இருக்கிறான். பொத்தானை அமுக்கினேன்.

"ஓகேண்ணே" என்றேன். "ரெண்டு தடவ."

யாரோ சிரித்தார்கள். கோபிநாதன் சாரின் குரல், "சபாஷ் கண்ணு, நானு ஒருக்காத்தான்" என்றது.

வின்ச்சிலும் ஒரு ரேடியோ உண்டு. அப்பா நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அது தெரிந்துதான் சொன்னேன்.